மறுபடியும் வாய்விட்டு

எட்டு வயதில் எனக்குப் படிப்பு என்றால் கடிதம் படிப்பதுதான். 1981-ம் வருஷம். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தையது எங்களுடையது. வரிசை முழுக்கச் சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்துச் சனங்கள். கொழுந்து எடுக்கிற பெண்களில் எழுத்து தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஊரிலிருந்து நீல இன்லாண்டு லெட்டர் வந்துவிட்டால், இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் மூன்று பக்கமும் கிழியாமல் பிரித்து, விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இவ்விடம் யாவரும் சுகம்" என்று ஆரம்பிப்பேன். ஒருவர் கடிதத்தை ஐந்தாறு பேர் கேட்பார்கள். யாருக்கும் அதில் ரகசியம் கிடையாது.

ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மழை இல்லை, ஆட்டைச் சந்தையில் விற்றாச்சு, தம்பிக்குப் பெண் பார்க்கிறோம் என்று போய்க்கொண்டிருந்தது. அதே வேகத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். அவருடைய அம்மா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பெண் பார்க்கிற வரிக்கும் அந்த வரிக்கும் நடுவில் ஒரு புள்ளிதான். அத்தை அழவில்லை. என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அம்மா என்னைத் திட்டவில்லை. "வாயத் தொறக்கதுக்கு முன்னால ஒருக்கா கண்ணால பாத்துக்கோளா" என்று மட்டும் சொன்னாள்.

நான் மனசுக்குள் படிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் இரண்டு வரி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும். கொஞ்ச நாளில் அது தனியாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. மளிகைக் கடையில் பருப்பு மடித்துத் தந்த காகிதம், சுவரில் ஒட்டிய பழைய வாரப் பத்திரிகைத் தாள், எதுவாக இருந்தாலும் கண்ணாலேயே முழுங்கினேன். முன்னும் பின்னும் இல்லாத கதைகள். பொட்டலம் கிழிந்த இடத்தில் கதையும் நின்றுவிடும். மிச்சத்தை நானே யோசித்து முடித்துக்கொள்வேன்.

அந்தக் காகிதங்களில் சில 'லை'க்கும் 'னை'க்கும் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். பள்ளியில் நான் எழுதிப் பழகிய எழுத்து அது இல்லை. பெரியார் தன் பத்திரிகைகளில் பயன்படுத்திவந்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-ல்தான் ஏற்றுக்கொண்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

மலையாளத்திலும் இதே கதை. எங்களுக்குப் பள்ளியில் பாடமெல்லாம் தமிழில்தான். மலையாளத்தை நான் பஸ் போர்டு பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றேன். 'குமுளி', 'கோட்டயம்', 'பீருமேடு' என்று ஊர் தெரியும், அதனால் எழுத்து தெரிந்தது. தமிழில் ஒரே ஒரு 'க' நிற்கிற இடத்தில் அங்கே நான்கு நிற்கும். அது பழக ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் டவுனில் இருந்த வாயனசாலைக்குள், அதாவது நூலகத்துக்குள், தைரியமாக நுழைந்து ஒரு பழைய புத்தகத்தைத் திறந்தால், ஒரு வரி ஓடவில்லை. எழுத்தின்மேல் எழுத்து ஏறி உட்கார்ந்திருந்தது. உகரக் குறி எழுத்தோடு பின்னிக் கிடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேசையில் இருந்த பெரியவர், "மோளே, இது பழைய லிபி" என்று சொல்லி, ஒரு பழுப்புத் தாளில் இடப்பக்கம் பழைய எழுத்து, வலப்பக்கம் புதிய எழுத்து என்று எழுதித் தந்தார். 1971-ல் கேரள அரசு டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் தோதாக எழுத்தைப் பிரித்துப் போட்டதாம். இரண்டு மொழியும் ஏழு வருஷ இடைவெளியில் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கின்றன. எல்லையில் வளர்ந்த பிள்ளைக்கு நான்கு விதமாகப் படிக்க வேண்டியிருந்தது. அதை நான் பாரமாக நினைத்ததே இல்லை.

அந்தப் பெரியவர்தான் பி.என். பணிக்கர் பற்றியும் சொன்னார். 1945-ல் திருவிதாங்கூரில் 47 வாயனசாலைகளைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தவர். 1995 ஜூன் 19-ல் பணிக்கர் காலமானார். அந்த நாளைத்தான் கேரளப் பள்ளிகள் இப்போது வாயன தினமாக, வாசிப்பு நாளாக, கொண்டாடுகின்றன. எங்கள் மலையில் அது அடைமழைக் காலம். நனைந்த குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே பிள்ளைகள் புத்தகம் படிப்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

மலையாளத்தில் 'படிக்குக' என்றால் பாடம் படிப்பது. கதைப் புத்தகம் என்றால் 'வாயிக்குக'. தமிழில் எங்களுக்கு இரண்டுக்கும் 'படி'தான். பத்தாம் வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் நாவலை வைத்திருந்தபோது "என்னளா பண்ணுத?" என்று அம்மா கேட்டால், "படிக்கேன்" என்பேன். பொய் சொன்ன மாதிரியே இருக்காது.

அதற்கப்புறம் நீண்ட காலம் வேகமாகப் படித்தேன். குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வாரப் பத்திரிகைகள் வந்து இறங்கும். மதியச் சாப்பாட்டுக்குள் தொடர்கதைகளை முடித்துவிடுவேன். அந்த வருஷங்களில் படித்த எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசனை இருந்தது. கதைகள் பெரும்பாலும் மறந்துவிட்டன, அந்த வாசனை மட்டும் நிற்கிறது.

2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தது. பீருமேடு பக்கம் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. எங்களுடையதும் மூடியது. சம்பள பாக்கி வரவில்லை. அப்பா போனார். இரண்டு பிள்ளைகள், ஒரு சம்பளம். பத்து வருஷத்துக்கும் மேல் நான் ஒரு புத்தகம்கூட முழுதாகப் படிக்கவில்லை. பரணில் வைத்திருந்தவை மழையில் பூஞ்சணம் பிடித்தன. துடைத்து வைக்கக்கூட மனசு வரவில்லை.

திரும்ப ஆரம்பித்தது போனில். மதுரைத் திட்டம் 1998-லிருந்தே பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தந்துவருகிறது. மகள் காட்டித் தந்தாள். ராத்திரி போர்வைக்குள் படிப்பேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒரு திரையில் ஆறு வரிதான் தெரியும் என்கிற அளவுக்கு ஆனபோது கண் டாக்டரிடம் போனேன். "வெள்ளெழுத்தாணு" என்றார். தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு ஒரே சொல். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்குகிறதாம். கண்ணாடி போட்ட அன்றைக்குப் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கி ஒவ்வொன்றாக வெயிலில் வைத்தேன்.

இப்போது எனக்கு 52. அம்மாவுக்கு 78. முழங்கால் போய்விட்டது, வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். டிவி பிடிக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை வைத்து நான் படித்துக்கொண்டிருந்தேன். "சும்மா கண்ணை ஓட்டிக்கிட்டு இருக்கியே, எனக்கும் சொல்லேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வாய்விட்டுப் படிக்கிறேன்.

வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் என் புத்தகங்களே இடம் மாறிவிட்டன. நான் கொண்டாடிய சில நாவல்கள் அரைப் பக்கம்கூடத் தாங்கவில்லை. வாக்கியத்தின் நடுவிலேயே மூச்சு முட்டுகிறது. சாதாரணம் என்று ஒதுக்கிய சில கதைகளில் ஆட்கள் பேச ஆரம்பித்ததும் அம்மா நிமிர்ந்து உட்காருகிறாள். இயற்கை வர்ணனை வந்தால், "மழ பெய்யுதது எனக்குத் தெரியும், மேல சொல்லு" என்பாள். யாருக்காவது கூலி குறைத்துக் கொடுத்தால் அந்த இடத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொல்வாள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஆகிறது. ஒரு நாவலுக்கு இரண்டு மாதம். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் எதையும் படித்ததில்லை.

போன வாரம் ஒரு கதையில் வயசான தாய் ஒருத்தி படுக்கையில் கிடந்தாள். வாய் மேலே இருந்தது, கண் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் ஒரு பத்தியைத் தாண்டி, குரல் மாறாமல், மறுநாள் காலையிலிருந்து தொடர்ந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஏளா, நடுவுல எதையோ முழுங்கிட்டியே."

"ஒண்ணும் இல்லம்மா."

"அவ செத்துட்டா, அதான? சரி, அந்த எடத்துலருந்து படி."

தாளைத் திருப்பி அந்தப் பத்தியிலிருந்து படித்தேன்.