மீனுக்கு எந்தக் கோயில்?

எங்கள் வீட்டு வளவில் ஒரு கல்தொட்டி கிடக்கிறது. ஆயா காலத்தில் மாட்டுக்குக் கழனித்தண்ணி வைத்தது. அதில் குட்டி போடும் வளர்ப்பு மீன்கள் வாங்கி விட்டேன்: சிவப்பு ஸ்வோர்ட்டெயில் பொட்டை இரண்டு, முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உள்ள பிளாட்டி ஆண் ஒன்று. "ரெண்டும் சண்டை போடாது" என்றார் கடைக்காரர். போடவில்லைதான். கொஞ்ச நாளில் குட்டி. கடையிலேயே சினையாக வந்திருக்குமோ என்ற சந்தேகம், குட்டிகளின் துடுப்பில் அப்பனைவிட அகலமான கருப்பைப் பார்த்ததும் போய்விட்டது.

"ஏத்தா, ரெண்டும் எந்தக் கோயில்னு கேட்டியா? பங்காளியாப் போயிறப் போகுது" என்று சிரித்தார் அயித்தை. எங்களில் ஒரே கோயில் என்றால் பங்காளி, கல்யாணம் கிடையாது. பங்காளிக் கவலையே இல்லை அயித்தை, இவை வேறு வேறு இனம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கருப்பின் மேல் ஆசைப்பட்டு, கலப்பு ஆண் ஒன்றை மறுபடி ஸ்வோர்ட்டெயில் பொட்டையோடு அண்டாவில் விட்டேன். பிழைத்த குட்டிகள் 19. வளர வளர ஐந்துக்குத் துடுப்படியில் மிளகுபோலக் கருப்பு புடைத்தது. பிறகு துடுப்பையே தின்றது. கல்லுப்பு போட்டேன், மஞ்சள் போட்டேன்.

அது புற்றுநோய். 1920களிலேயே அமெரிக்காவில் மைரன் கார்டன், ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக் என்ற ஆய்வாளர்கள் தனித்தனியாக இதே ஜோடியில் பார்த்தது. பிளாட்டியிடம் கருப்பு நிறம் தரும் அணுக்களைக் கிளப்பிவிடும் மரபணு ஒன்று இருக்கிறது. அதற்குக் கடிவாளம் போடுவது வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. முதல் தலைமுறைக்குக் கடிவாளத்தில் பாதி கிடைப்பதால் கருப்பு அகலுவதோடு சரி. திரும்ப ஸ்வோர்ட்டெயிலோடு சேர்த்தால், குட்டிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் கடிவாளமே இல்லாமல் அந்த மரபணு மட்டும் போய்ச் சேரும். என் அண்டாவில் 19க்கு 5. கணக்கு அச்சாக இருந்தது, வயிறு கலங்கியது.

கலப்பே பாவம் என்று சொல்ல வாயில்லை. கடையில் விற்கிற வண்ண ஸ்வோர்ட்டெயில்களில் பெரும்பாலானவற்றில் பிளாட்டி கலந்துதான் இருக்கிறது. ஆனால் வாயை முழுசாக மூட முடியாத பிளட் பேரட் என்ற கலப்பு மீனை அழகு என்று விற்பது எனக்கு ஒப்பவில்லை. இப்போது அதே தராசில் நானும் ஏற வேண்டியிருக்கிறது.

"மிச்சத்தை ஊருணியில விட்ருவோமா ஆச்சி, கொசுவத் தின்னும்ல?" என்றான் தம்பி. கூடாது என்றேன். அங்கே ஏற்கெனவே இருக்கிற மீன்களுக்கு இது என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆண்களைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். மீன் கேட்டு வருகிறவர்களிடம், இது கலப்பு, ஸ்வோர்ட்டெயிலோடு விட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அந்த ஐந்தில் ஒன்று இன்னும் இருக்கிறது. சாய்ந்து சாய்ந்து நீந்துகிறது. தீனி போட்டால் முதலில் வருவது அதுதான்.