பூங்கோரையும் "நல்லா கொதிக்க வச்சா போதும்"ங்கற நம்பிக்கையும்

2019 செப்டம்பர்ல பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையா மாறி மீனெல்லாம் செத்து ஒதுங்குச்சே, ஞாபகம் இருக்கா? எங்க பக்கத்துல இதை பூங்கோரைன்னு சொல்லுவாங்க. தண்ணிய கையில அள்ளுனா பச்சைக் கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருக்கும், உத்துப் பாத்தா கடுகை விடச் சின்னதா உருண்டை உருண்டையா மிதக்கும், அந்த ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு செல்லால ஆன உயிர். பேரு நாக்டிலூகா, பாசின்னு பொதுவா சொல்றது இதைத்தான். அதுக்கு முந்தின மாசந்தான் சென்னையில திருவான்மியூர் பீச்ல ராத்திரி அலை நீலமா மின்னுதுன்னு ஊரே போனோட ஓடுச்சு, அதுவும் இதே நாக்டிலூகாதான்.

இது மீனுக்கு நேரடியா விஷம் வைக்கறதில்ல. அதோட உடம்புல அமோனியா சேந்திருக்கும், கூட்டமா சாகும்போது அது தண்ணியில கலக்கும், அழுகுற பாசிய திங்கற பாக்டீரியா தண்ணியில இருக்கற ஆக்சிஜனையும் காலி பண்ணிடும். மன்னார் வளைகுடாவுல அப்போ ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழ போயிடுச்சுன்னு ஆய்வு செஞ்சவங்க பதிவு பண்ணிருக்காங்க. திறந்த கடல்ல இருக்கற மீன் எப்படியாவது தப்பிச்சு ஓடிரும், பாறை இடுக்குல குடியிருக்கற மீனு எங்க ஓடும்? பவளம் ஓடவே முடியாது. சிங்கில் தீவு பக்கத்துல வேகமா வளர்ற பவள வகைகள்தான் மொதல்ல செத்துச்சு. இதுக்கு முன்னாடி 2008 அக்டோபர்லயும் இதே கடல்ல இதே மாதிரி வந்து பவளத்தையும் மீனையும் கொன்னுச்சு. ஒரு தடவை அழிஞ்சா அந்தப் பவளம் திரும்ப எழும்ப வருஷக்கணக்காகும், அந்த இடுக்க நம்பி குஞ்சு பொரிக்கிற மீனும் அதோட போச்சு. இதெல்லாம் நெனச்சா வயித்த கலக்குது.

நான் இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம் வேற. கரையில ஒதுங்குன மீன் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருந்தா எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க, "என்னக்கா, செத்த மீனு"ன்னா "நல்லா வேக வச்சா ஒண்ணும் பண்ணாது தம்பி"ங்கறாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியல, கிருமிக்குன்னா அது சரியான பேச்சு. ஆனா பாசி நஞ்சு கிருமி இல்ல. எல்லாப் பாசியும் நாக்டிலூகாவும் இல்ல, சில வகை பாசி சாக்சிடாக்சின்னு ஒரு நரம்பு நஞ்ச உண்டாக்கும், மட்டியும் சிப்பியும் தண்ணிய வடிகட்டித் திங்கறதால அது அப்படியே அதுங்க சதையில சேரும், மட்டிக்கு ஒண்ணும் ஆகாது, திங்கற மனுஷனுக்குத்தான் ஆகும். கொழம்புல எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அது போகாது, வாசனையிலயோ ருசியிலயோ கண்டுபிடிக்கவும் முடியாது. 1981-ல நம்ம தமிழ்நாட்டுலயே வாயலூர்ல மட்டி தின்னு 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, 3 பேர் இறந்தாங்க. 1997-ல கேரளா விழிஞ்ஞத்துல சிப்பி தின்னதுல 7 பேர் செத்துப் போய்ட்டாங்க.

குடிதண்ணியிலயும் இதே கதைதான். 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டொலிடோ நகரத்துக்கு ஈரி ஏரியில இருந்து வர்ற தண்ணியில நீலப்பச்சைப் பாசியோட நஞ்சு கலந்திருச்சு, நாலு லட்சம் பேருக்கு மேல குழாத்தண்ணிய குடிக்காதீங்கன்னாங்க, கொதிக்க வைக்கவும் வேண்டாம்னாங்க. ஏன்னா தண்ணி ஆவியாப் போகும், நஞ்சு அங்கயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். வயல்ல இருந்து ஓடி வந்த உரம்தான் அந்தப் பாசிக்குப் பெரிய தீனி. நம்ம ஊரு ஏரியில சாக்கடைய விட்டுட்டு பச்சையா படர்ந்ததும் மாட்டுக்கு அதுலயே தண்ணி காட்டுறோமே, அதை நிறுத்தணும்.

ஐதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துல சேட்டிலைட் படத்த வச்சு எங்க பாசி படருதுன்னு தகவல் குடுக்கறாங்க. நல்ல வேலை. ஆனா அது ஏலக்கூடத்துக்கும் மட்டி பொறுக்குற பொம்பளைங்களுக்கும் தமிழ்ல, போன்ல வந்து சேரணும், காத்து வேகம் சொல்ற மாதிரியே இதையும் சொல்லணும்.

அது வரைக்கும் கடலோரம் இருக்கறவங்க இத மட்டும் வீட்டுல சொல்லி வைங்க: தண்ணி நிறம் மாறியிருந்தா அந்தப் பக்கத்து மட்டி, சிப்பி வேண்டாம், செத்து ஒதுங்குன மீனும் வேண்டாம். தின்ன கொஞ்ச நேரத்துல உதடு, நாக்கு, விரல் நுனியெல்லாம் மரத்துப் போற மாதிரி இருந்தா கைவைத்தியம் பாத்துட்டு உக்காராம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இந்த நஞ்சுக்கு மாத்து மருந்து கிடையாது, மூச்சு நிக்காம மெஷின் வச்சுப் பாத்துக்கறதுதான் வைத்தியம். என்ன தின்னீங்கன்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க.