நிதானமாக ஆட ஒரு டிராகன் குவெஸ்ட்

நூறு மணி நேர கேமை எல்லாம் யார் உட்கார்ந்து முடிப்பது என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உட்கார்ந்து முடிக்க வேண்டாம், கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆடுங்கள். டிராகன் குவெஸ்ட் 11 எஸ் என்கிற, நாயகனாகக் கதைக்குள் பயணம் போகிற ஜப்பானிய வீடியோ கேமை, கையிலும் டிவியிலும் ஆட முடிகிற நின்டெண்டோ ஸ்விட்சில் அப்படித்தான் ஆடினேன். பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சில நாள் இருபதே நிமிடம், சனிக்கிழமை என்றால் கண் சொருகும் வரைக்கும்.

முதன்மைக் கதைக்கு மட்டுமே ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், எல்லா மூலையையும் பார்த்துவிட வேண்டும் என்றால் நூறைத் தொட்டுவிடும். ஆனால் அந்த நீளம் சுமையாகவே தெரியவில்லை, ஏனென்றால் இந்தத் தொடரை உருவாக்கிய யூஜி ஹொரி இந்தக் கதையை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் தனியாக ஒரு பிரச்சினை, தனியாக ஒரு பேச்சு வழக்கு. பாலைவன நகரமான கலோபொலிஸில் இளவரசன் ஃபாரிஸுக்குக் குதிரை ஓட்டவே வராது, பந்தயத்தில் தன் கவசத்தை மாட்டிக்கொண்டு தனக்குப் பதில் நீ ஓடிவிடு என்று நம் நாயகனைக் கெஞ்சுகிறான். வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஹொட்டோவில், ஆங்கிலப் பதிப்பில், ஊர்க்காரர்கள் பேசுவதெல்லாம் ஹைக்கூ. கடைக்காரர்கூட அதே மூன்று வரியில்தான் பேசுவார், ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை பிசகாமல்! இப்படி ஒரு ஊரின் கதை முடிந்ததும் அன்றைக்குப் போதும் என்று மூடி வைத்துவிடலாம். நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் கவலையில்லை, சேமித்து வைத்த ஆட்டம் ஏறும்போதே இதுவரை என்ன நடந்தது என்று ஒரு சுருக்கம் ஓடும். வேலை, குடும்பம் என்று இருக்கிற ஒருவர் இந்த கேமை ஆடுவார் என்று யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இனி வருவது கதையை முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு ஸ்பாய்லர், ஆடப் போகிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும் தாண்டிவிடுங்கள். பயணத்தின் நடுவில் மிஷெல் என்று ஒரு கடற்கன்னி வருகிறாள். கைனலு என்கிற மீனவன் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அவனைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்கிறாள். லோனலுலு கிராமத்துக்குப் போய் விசாரித்தால், அவன் இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கல்லறைதான் இருக்கிறது. கடற்கன்னிகளின் ஆயுள் நீளம், மனித ஆயுள் எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தால் அவள் அதே இடத்தில், அதே ஆசையோடு காத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லப் போகிறாயா என்று கேம் கேட்கிறது. ஆம், இல்லை, இரண்டே சொல். எதைச் சொன்னாலும் கதை மேலே நகரும், பரிசிலும் குறைவில்லை, ஆக லாப நட்டக் கணக்கு பார்க்க இங்கே எதுவுமே கிடையாது.

அந்தக் கேள்வி திரையில் நிற்கும்போதே பவர் பட்டனை அழுத்தி ஸ்லீப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் வேலைக்கு நடுவில், சாப்பிடும்போது, அதே நினைப்புதான். சொன்னால் அவள் தாங்குவாளா, சொல்லாமல் விட்டால் நாம் யார் அவளைக் காலம் பூராவும் கரையைப் பார்க்க வைக்க. அன்று இரவு திறந்தபோது கேள்வி அப்படியே காத்திருந்தது, ஆம் என்று அழுத்தினேன். அவள் கரையேறி, வால் கால்களாக மாற, தள்ளாடி நடந்து வந்து கல்லறையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, கடலில் இறங்கி நுரையாகக் கரைந்துபோனாள். பொய் சொல்லியிருந்தால் இன்னமும் சந்தோஷமாகக் காத்துக்கொண்டிருப்பாள். என் பதில் சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. டிவியில் ஆடியிருந்தால் அந்த வேகத்தில் எதையோ அழுத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன் என்று தோன்றுகிறது.

சரி, சண்டையே போட நேரமில்லாத நாட்களுக்கு, வாள் போன்றவற்றை நாமே அடித்துச் செய்கிற உலைக்களம் இருக்கிறது. 2017இல் வந்த முதல் பதிப்பில் அதை முகாமில் தங்கும்போதுதான் பயன்படுத்த முடியும், 2019இல் வந்த இந்த எஸ் பதிப்பில் எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு வாள் செய்கிறோம் என்றால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அளவுகோல், ஒவ்வொன்றையும் பச்சைப் பகுதிக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சூடு குறையும், சூடு குறையக் குறைய அடியின் பலமும் குறையும். அதனால் முதலில் ஓங்கி அடித்து, கடைசியில் ஆறிப்போன இரும்பை மெல்லத் தட்டித் தட்டிச் சரிக்கட்ட வேண்டும். எல்லாம் துல்லியமாக அமைந்து வாளின் பெயருக்குப் பக்கத்தில் பிளஸ் மூன்று என்று வரும்போது வருகிற திருப்தி, ஒரு பெரிய பாஸ் எதிரியைச் சாய்த்த திருப்திக்குக் குறைந்ததில்லை.

மெட்டல் ஸ்லைம் என்கிற எதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிர் மிகக் குறைவு, ஆனால் உடம்பு கெட்டி, என்ன அடித்தாலும் ஒரு புள்ளி இறங்குவதே பெரிது, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடியும்விடும். கொன்றுவிட்டால் நம் குழுவை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகள் கொட்டும். அதைக் கண்டதும் மொத்தக் குழுவின் திட்டத்தையும் மாற்றி, பட்டால் பட்டது என்று குழுவில் இருக்கும் ஜேடின் ஈட்டியை நம்பி இறங்குகிற அந்த ஒரு சுற்று இருக்கிறதே, இத்தனை மணி நேரம் கழித்தும் நெஞ்சு படபடக்கிறது. ஸ்லைமின் முதல் வரைபடத்தை ஹொரி ஒரு பிசுபிசுப்பான குவியலாகத்தான் கொடுத்தாராம், ஓவியர் அகிரா டோரியாமாதான் அதைத் துளி வடிவமாக்கிச் சிரிக்க வைத்தார். அவர் 2024 மார்ச்சில் மறைந்த செய்தி வந்தபோது நான் முதலில் நினைத்தது அந்தச் சிரிப்பைத்தான். 1986இல் வந்த முதல் கேமிலிருந்தே இந்தத் தொடருக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமாவும் 2021இல் போய்விட்டார். எஸ் பதிப்பில் அவர் இசையை டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்திருக்கிறது, அதனால் ஸ்பீக்கரில் கேட்காமல் நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

முழு கேமையும் பழைய பாணி 2டியிலும் ஆடலாம். சண்டை மெதுவாகத் தோன்றினால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ரொம்ப எளிதாக இருக்கிறது என்று படுகிறவர்கள் தொடக்கத்திலேயே, ஆட்டத்தைக் கடினமாக்கும் அமைப்பான டிரகோனியன் குவெஸ்டில் எதிரிகளை வலுவாக்கும் தேர்வைப் போட்டுக்கொள்வது நல்லது, எனக்கு அதுதான் சரியாக இருந்தது. அப்புறம் ஒன்று, கிரெடிட்ஸ் ஓடியதும் முடிந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். சேமித்து வைத்த அதே ஆட்டத்தை மறுபடி திறந்து ஆடுங்கள், கதையின் மூன்றாம் பாகம் அங்கேதான் தொடங்குகிறது, நடுவில் விடை கிடைக்காமல் விட்ட பல விஷயங்களுக்கு அதில்தான் விடை இருக்கிறது.