பை 5-இல் ஹைலோ டிரைவர்: கீழிருந்து மேலே சோதியுங்கள்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியுடன், ஏஐ மாடல்களை வேகமாக ஓட்டும் ஹைலோ சிப்பைச் சேர்ப்பவர்கள், 'ஹைலோ-ஆல்' தொகுப்பை நிறுவினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிழை வந்தால் எஸ்டி கார்டை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதற்கு அவசியமே இல்லை. கேபிள், பூட்லோடர் (போர்டைத் தொடக்கிவைக்கும் நிரல்), கெர்னல் டிரைவர் (ஓஎஸ்ஸின் மையமான கெர்னலைச் சிப்போடு இணைக்கும் நிரல்), ஹைலோஆர்டி லைப்ரரி (செயலிகள் சிப்பைப் பயன்படுத்த உதவுவது) என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. கீழே உள்ளது சரி என்று தெரிந்த பிறகே மேலே உள்ளதைத் தொடுங்கள்.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். 2024 ஜூனில் வந்த ஏஐ கிட் என்பது பையின் மேல் பொருத்தும் எம்.2 ஹேட்+ பலகையில் செருகிய ஹைலோ-8எல், 13 டாப்ஸ் (நொடிக்கு 13 லட்சம் கோடி கணக்கீடுகள்). அக்டோபரில் வந்த ஏஐ ஹேட்+ 13, 26 என்று இரண்டு வகை. 26 டாப்ஸ் பலகையில் இருப்பது ஹைலோ-8. இரண்டுக்கும் பை 5 வேண்டும். பை 4 போர்டில் இதற்கான பிசிஐஇ (வேகமான தரவு இணைப்பு) ரிப்பன் இணைப்பான் கிடையாது. ஓஎஸ் 64-பிட்டாக இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடாப்டர். போன் சார்ஜரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். ஆக்டிவ் கூலரை ஹேட்டுக்கு முன்பே மாட்டிவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது.

ரிப்பன் கேபிளின் செம்பு முனைகள் யுஎஸ்பி போர்ட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக உள்ளே போன பிறகே பிடிப்பானை அழுத்துங்கள். கேபிள் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் சிப் கண்ணில் படாமல் போகலாம். அதனால் எந்தத் தொகுப்பையும் நிறுவுவதற்கு முன் டெர்மினலில், பிசிஐஇ-இல் இணைந்திருப்பவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஹைலோ டெக்னாலஜிஸ் என்று ஒரு வரி வர வேண்டும். வரவில்லையென்றால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். டிரைவரே இல்லாவிட்டாலும் இந்த வரி வரும் என்பதுதான் இந்தச் சோதனையின் பலம்.

பூட்லோடர் 2023 டிசம்பர் 6 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பழையதென்றால் 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவில் பூட்லோடர் வெர்ஷனை லேட்டஸ்ட் ஆக்கி, ஈப்ராம் (பூட்லோடர் இருக்கும் நினைவகம்) அப்டேட் செய்து, ரீபூட் செய்யுங்கள். அதே மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் பிசிஐஇ வேகமும் இருக்கிறது. ஏஐ கிட் வைத்திருப்பவர்கள் அங்கே மூன்றாம் தலைமுறை வேகமான ஜென் 3-ஐத் தாங்களே இயக்க வேண்டும். ஏஐ ஹேட்+ அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். பை 5-இல் இருப்பது ஒரே ஒரு லேன் (தரவுப் பாதை). ஜென் 2-இல் நொடிக்கு ஏறக்குறைய 500 எம்பி, ஜென் 3-இல் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. ஜென் 3 வேகத்துக்கு பை 5 அதிகாரபூர்வமாகச் சான்று பெறவில்லை. கெர்னல் பதிவில் பிசிஐஇ பிழைகள் கொட்டினால் ஜென் 2-க்கு இறக்கிப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் சந்தேகம் கேபிள் மேல்தான்.

இனி நிறுவல். தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவியில் அப்டேட், ஃபுல்-அப்கிரேட் முடிந்ததும் கட்டாயம் ஒரு ரீபூட். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவரை டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் போர்டிலேயே கம்பைல் செய்கிறது. அப்கிரேடில் புதுக் கெர்னல் இறங்கியிருக்க, பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருந்தால் டிரைவர் தவறான கெர்னலுக்குத் தயாராகிவிட வாய்ப்புண்டு. ரீபூட்டுக்குப் பிறகு முதலில் 'டிகேஎம்எஸ்', அடுத்து 'ஹைலோ-ஆல்', மறுபடி ரீபூட். டிரைவர், ஃபர்ம்வேர், ஹைலோஆர்டி, டாப்பாஸ் கோர் (மாடல் தரும் முடிவுகளைச் செயலாக்கும் லைப்ரரி), ஆர்பிஐகேம் எனும் கேமரா செயலிகளுக்கான துணைப்பகுதி எல்லாம் அந்த ஒரே தொகுப்போடு வந்துவிடும்.

சரிபார்க்க 'ஹைலோஆர்டிசிஎல்ஐ' கருவியில் 'எஃப்டபிள்யூ-கண்ட்ரோல் ஐடென்டிஃபை' கொடுங்கள். ஃபர்ம்வேர் வெர்ஷனும் சிப்பின் வகையும் வந்தால் நான்கு அடுக்கும் சரி. சீரியல் நம்பர் இடத்தில் 'என்/ஏ' என்று இருந்தால் பதற வேண்டாம், அதனால் ஒன்றும் ஆகாது.

எல்எஸ்பிசிஐ சிப்பைக் காட்டுகிறது, ஆனால் 'டெவ்' கோப்புறையில் 'ஹைலோ0' இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. 'யூநேம் -ஆர்' காட்டும் கெர்னல் எண்ணும் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' காட்டும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கெர்னல் ஹெடர் தொகுப்பை நிறுவி டிகேஎம்எஸ்ஸை மறுபடி ஓடவிடுங்கள்.

பிழை எண் 76 வந்தால் டிரைவர் வெர்ஷனும் லைப்ரரி வெர்ஷனும் வேறு வேறு என்று பொருள். ஹைலோ தளத்திலிருந்து இறக்கிய டெப் கோப்பை ஆப்ட் தொகுப்போடு கலப்பதும், டாக்கருக்குள் வேறு வெர்ஷன் ஹைலோஆர்டி இருப்பதும் வழக்கமான காரணங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். 74 வந்தால் சிப்பை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கலாம். பின்னணியில் ஓடும் பழைய பைதான் நிரலைத் தேடி நிறுத்துங்கள்.

பக்க அளவு 16384 என்பது 4096-ஐவிடப் பெரியது என்று ஒரு பிழை வரும். பை 5-இன் வழக்கமான கெர்னல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. இந்த இணைப்பில் சிப் ஏற்கும் பக்க அளவு 4 கேபிதான். 'மாட்ப்ரோப்.டி' கோப்புறையில் 'ஹைலோ_பிசிஐ.கான்ஃப்' கோப்பை உருவாக்கி, 'ஃபோர்ஸ்_டெஸ்க்_பேஜ்_சைஸ்' மதிப்பை 4096 என்று வைத்து ரீபூட் செய்தால் சரியாகும். வைவாவில் கேட்கத்தக்க நல்ல கேள்வி இது, காரணத்தோடு தெரிந்துவைத்திருங்கள். 

பைதான் வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் ஹைலோ மாட்யூல் கிடைக்கவில்லையென்றால் அது டிரைவர் கோளாறு அல்ல. ஆப்ட் அதை சிஸ்டம் பைதானில் வைத்திருக்கிறது. 'சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' விருப்பத்தோடு என்விரான்மென்டை மறுபடி உருவாக்குங்கள்.

சொந்தமாகப் பயிற்றுவித்த மாடல் என்றால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். அதை ஹெஃப் கோப்பாக (சிப் ஓட்டக்கூடிய வடிவமாக) மாற்றும் டேட்டாஃப்ளோ கம்பைலர் பையில் ஓடாது. எக்ஸ்86 உபுண்டு கணினி வேண்டும். 8எல்-க்காகக் கம்பைல் செய்த ஹெஃப் ஹைலோ-8-இலும் ஓடும், ஆனால் ஹைலோ-8-க்கானது 8எல்-இல் ஓடாது. லேபில் எந்தப் பலகை இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கம்பைல் செய்யுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே எஸ்டி கார்டை இமேஜ் எடுத்து வையுங்கள். கெர்னல், ஹைலோ தொகுப்புகளை 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு அப்கிரேட் ஆகாமல் நிறுத்தி வையுங்கள். ரிவ்யூவுக்கு முந்தைய இரவில் அப்கிரேட் பக்கமே போகாதீர்கள்.