பசுவின் கருவிலிருந்து நஞ்சுக்கொடிச் செல்கள்

கருவுற்ற ஏழெட்டு நாளில் பசுவின் கரு ஒரு கருக்கோளமாகிவிடுகிறது. அதன் உள் செல்திரளிலிருந்து கன்று உருவாகும். ட்ரோபெக்டோடெர்ம் எனப்படும் புற உறையிலிருந்து நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி உருவாகும். ஆய்வுக்கூடத்துக்கு வருபவர்கள் உள் திரளைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எங்கள் வேலையோ அந்த உறையோடு.

மேலோட்டை விட்டு வெளிவந்த கோளத்தை, பெருகாதபடி முடக்கிய எலிச் செல்களின் பரப்பில் வைத்து, 38.5 டிகிரி வெப்பத்தில் காத்திருப்போம். ஒட்டிக்கொண்ட உறை விளிம்பிலிருந்து படர்ந்து, அடியில் நீர் சேர்ந்து, ஆங்காங்கே குமிழாக எழும்பும். அக்குமிழ்களைக் கண்டால், செல்கள் நீரை ஒருபுறமிருந்து மறுபுறம் கடத்தும் இயல்பை இழக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உள் திரளிலிருந்து வரும் எண்டோடெர்ம் எனப்படும் அகப்படைச் செல்களும் அதே தட்டில் பரவக்கூடும் என்பதால், எந்தத் துண்டை எடுப்பது என்பதை நுண்ணோக்கியின் கீழ் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்ற செல் வளர்ப்புகளில் பழகிய கை, அடுத்த தட்டுக்கு மாற்றும்போது செல்களைப் பிரித்தெடுக்கும் நொதியான டிரிப்சினைத் தானாகவே தேடும். இந்த உறைச் செல்கள் அதற்கு எளிதில் மசிவதில்லை. அண்டைச் செல்லோடு இறுகப் பிணைந்திருப்பதால் தாள்தாளாகக் கிளம்புகின்றன. வலிந்து தனித்தனியாக்கினால் பெரும்பாலும் ஒட்டாமலே மடிகின்றன. ஆகவே நுண்ணிய ஊசியால் வெட்டி, கொத்தாகவே பெயர்த்து நடுகிறோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் அறிவித்த, தொடர்ந்து வளர்க்கத்தக்க உறைச் செல் வரிசைகளும் கருக்கோளத்திலிருந்து வந்தவையே. வேகத்தைவிடப் பொறுமை உள்ளவர்களிடமே இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வளர்ந்தவை உண்மையில் உறைச் செல்களா என்று அறிய, அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் டௌவைத் தேடுகிறோம். கரு தன் இருப்பைத் தாய்ப்பசுவுக்குத் தெரிவித்து, ஏறத்தாழ பதினாறாம் நாளில், சூலகத்தில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் சிதையாமல் காப்பது இந்தப் புரதத்தால்தான். இது வைரஸையும் தடுக்கும் என்பதால், வளர்ப்பு நீரை மாட்டின் சிறுநீரகச் செல்கள்மேல் ஊற்றி, பிறகு வைரஸைச் சேர்த்து, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பது பழைய, ஆனால் நம்பத்தக்க சோதனை.

முதிர்ந்த நஞ்சுக்கொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்து, லாக்டோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, கருப்பைச் செல்களோடு இணையும், இரண்டு உட்கருக்கள் கொண்ட செல்கள் எங்கள் தட்டுகளில் அரிதாகவே தோன்றுகின்றன. நாங்கள் வளர்க்கும் செல்கள், கருப்பையில் ஒட்டுவதற்கு முந்தைய கருவையே பெரிதும் ஒத்திருப்பதால், கர்ப்பத்தின் பிற்பகுதி பற்றிய கேள்விகளுக்கு இவற்றை மட்டும் நம்பி நான் விடை எழுதமாட்டேன்.