எந்தப் பிளேனிலிருந்து எண்ணுவது?

அம்மாவை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடம் அனுப்பியதில் விசா எடுத்ததெல்லாம் சின்ன வேலை. கொரோனாச் சோதனைக்கு மூக்குக்குள் குச்சி விடுவதற்கு நாள் பார்த்ததுதான் பெரிய வேலை. என் கலியாணத்துக்கு நாள் வைத்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு கணக்குப் போடவில்லை.

நாங்கள் இருப்பது பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட. அம்மாவுக்கு 2021 தொடக்கத்திலேயே விசா வந்துவிட்டது. ஆனால் அந்த ஜனவரி 7ஆம் திகதியிலிருந்து கனடாவுக்கு ஏறுகிறவர்களிடம் அதற்கு முன் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பி.சி.ஆர் சோதனை முடிவு கேட்கத் தொடங்கினார்கள். பெப்ரவரியில், இறங்கியதும் சொந்தக் காசில் ஹோட்டலில் தனிமைப்படுத்தல், ஒரு மாதிரி மறியல்தான், என்றார்கள். ஓகஸ்டில் அது போனது. செப்டெம்பர் 7இலிருந்து இரண்டு ஊசியும் போட்ட வெளிநாட்டவர் வரலாம் என்றார்கள். அம்மா போட்டது சினோபார்ம் என்ற சீன ஊசி, அது அவர்களின் பட்டியலில் இல்லை. இங்கே சனத்தில் பெரும்பாலானோருக்கு ஏற்றியது அதைத்தான். நவம்பர் 30இல் சினோபார்மையும் சேர்த்தார்கள். சந்தோசப்பட்டு முடியமுன் ஒமிக்ரோன் என்ற புதுவகைக் கொரோனா வந்தது. "கொஞ்சம் பொறுங்கோ" என்றார் அண்ணா. அவரும் ஒரு வருசமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் 2022 மார்ச் 26, சனிக்கிழமை இரவுக்கு ரிக்கற் போட்டோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி, வளைகுடாவில் பிளேன் மாறி, 27ஆம் திகதி காலை அங்கிருந்து ரொறன்ரோ. அண்ணிக்கு ஏப்ரல் முதல் கிழமை பிள்ளை பிறக்க நாள் கொடுத்திருந்தார்கள். அம்மா சரக்குத்தூளையும் ஒடியல் மாவையும் கட்டத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 17 இரவு அண்ணா கோல் எடுத்தார். ஏப்ரல் 1இலிருந்து ஊசி போட்டவர்களுக்குப் பிளேன் ஏறமுன் எந்தச் சோதனையும் தேவையில்லையாம், அன்றுதான் அறிவித்தார்களாம். அம்மா ரொறன்ரோவில் இறங்குகிற நாளுக்கும் அதற்கும் ஐந்தே நாள் வித்தியாசம். ரிக்கற்றை மாற்றுவோமா? நாட்டில் பொருளாதார நெருக்கடி, 200 ரூபாயில் நின்ற டொலர் மார்ச் 7க்குப் பிறகு ஏறு ஏறென்று ஏறிக்கொண்டிருந்தது. மாற்றுகிற காசுக்கு, உடனே முடிவு தெரிகிற அன்டிஜன் சோதனை பத்து எடுக்கலாம். டீசல் வரிசையும் நாளுக்கு நாள் நீண்டது. மாற்றவில்லை. அது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல் 2 பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள்.

சரி, சோதனை எடுக்கத்தான் வேண்டும். எதை, எங்கே, எப்போது? பெப்ரவரி 28இலிருந்து கனடா அன்டிஜனையும் ஏற்றது, ஆனால் வீட்டில் நாமே எடுப்பது செல்லாது. ஆய்வுகூடத்திலோ வைத்தியசாலையிலோ எடுத்து எழுத்தில் தர வேண்டும். பி.சி.ஆர் என்றால் 72 மணித்தியாலம், அன்டிஜன் என்றால் பயணத்துக்கு முதல் நாள் அல்லது அதே நாள். ரிக்கற் போட்டவர், "25ஆம் திகதி யாழ்ப்பாணத்தில அன்டிஜன் எடுத்துப்போட்டு ஆறுதலா இறங்குங்கோ, முதல் நாள்தானே" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அண்ணாதான் கனடா அரசாங்கத்தின் இணையப் பக்கத்தை வரி வரியாக வாசித்துப் பிடித்தார். மாறிப் போகிறவர்களுக்குக் கணக்கு, கனடாவுக்கு நேரே போகிற கடைசிப் பிளேனிலிருந்துதான். கட்டுநாயக்காவிலிருந்து எண்ணினால் 25 முதல் நாள். வளைகுடாவிலிருந்து எண்ணினால் அதற்கும் முதல் நாள். அதாவது அம்மா கட்டுநாயக்காவில் ஏறியிருப்பார், நடு வழியில் மறித்திருப்பார்கள். இங்கிலிஸ் தெரியாத 67 வயது மனுசி, ஒடியல் மாவோடு. நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

ஆகவே 26 காலை, விமான நிலையத்துக்குக் கிட்ட, அன்டிஜன். இதில் ஒரு பயம்: முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போன பிறகு பொசிட்டிவ் என்று வந்தால்? அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒரு கிழமை அம்மாவைச் சந்தைக்கும் விடவில்லை, கோயிலுக்கும் விடவில்லை. புதன்கிழமை பின்னேரம் அடுப்படியில் ஒரே இருமல். ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணாவுக்குத் தூள் இடிக்கச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிறார். அன்று இரவு மூன்று தரம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

இடையில் ஊசி அட்டைப் பிரச்சினை. முன்னெழுத்தும் சுருக்கப் பெயருமாக எழுதியிருந்தது. பாஸ்போட்டில் முழுப் பெயர். ஊசி போட்ட அன்று பெயர் சொன்னதே நான்தான், ஆரைக் குறை சொல்ல? கியூ.ஆர் போட்ட சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்தெழுத்தாகக் கொடுத்துத் திருத்தினோம். அதைக் கொமினிகேசன் கடையில் அச்செடுக்கப் போனால் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தால் கடை பூட்டு. கனடாவுக்குப் போகிறவர்கள் விபரம் பதிகிற எரைவ்கான் செயலியை அண்ணாவே அங்கிருந்து நிரப்பினார். நான் வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். மின்வெட்டு நேரத்தில் சிக்னலும் போய்விடும் என்பதால் மதகடிக்குப் போய் நின்று அனுப்பிய நாளும் உண்டு.

25 இரவு ஒரு வான் பிடித்து வெளிக்கிட்டோம். வான்காரர் அதற்கு முதல் இரண்டு நாள் வரிசையில் நின்று டீசல் அடித்திருந்தார். விடியற்காலை நீர்கொழும்புப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடம். அன்டிஜனுக்கு 2,000 ரூபாய், பி.சி.ஆருக்கு 6,500 ரூபாய் என்று 2021 ஓகஸ்டிலேயே அரசாங்கம் உச்ச விலை போட்டிருந்தது. "வருத்தம் இல்லையெண்டு சொல்லுறதுக்கும் காசோ, பிள்ளை?" என்று கேட்டார் அம்மா.

நெகட்டிவ். கும்பிட்டுவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தால், பெயர் இருக்கிறது, சோதனை வகை இருக்கிறது, ஆய்வுகூடத்தின் விலாசம் இருக்கிறது, பிறந்த திகதி இல்லை. "வயது 67" என்று மட்டும். எங்கள் நாட்டில் எந்த இரத்தப் பரிசோதனைத் தாளிலும் அப்படித்தான் போடுவார்கள், கண்ணில் படவே படாது. கனடா கேட்டதோ பிறந்த திகதி. கவுண்டரில் இருந்த பிள்ளை முதலில் "அது பரவாயில்லை" என்றது. நான் நகரவில்லை. பாஸ்போட் இலக்கத்தோடு திருத்தி, புதுத் தாள் அடித்து, முத்திரை குத்தி வாங்க முக்கால் மணித்தியாலம் போனது. அந்த நாட்களில் யாராவது கேட்டால் முதல் சொன்னது இதைத்தான்: பதியும்போதே பாஸ்போட்டைக் கொடுத்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் செக்-இன் செய்கிற தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பி.சி.ஆர் எங்கே என்று கேட்டார். அவரிடம் இருந்தது பழைய பட்டியலாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அரைச் சிங்களம் அந்த நேரத்தில் முழுக்க மறந்துபோனது. அண்ணா சொல்லி அச்செடுத்து வைத்திருந்த கனடா அரசாங்கப் பக்கத்தை நீட்டினேன். அன்டிஜன் என்ற சொல்லுக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருபது நிமிடம். அம்மா பெட்டியின் மேல் கை வைத்தபடி கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் வந்து ஒன்றும் பேசாமல் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினார்.

திங்கட்கிழமை விடிய அம்மா வட்ஸ்அப்பில் வந்தார். பின்னால் அண்ணாவின் சமையலறை.

"போய்ச் சேந்திட்டியளே அம்மா? இறங்கின இடத்தில ஏதும் கேட்டவங்களே?"

ஊசி போட்டு வருகிறவர்களிலும் சிலரைச் சும்மா தெரிந்தெடுத்துச் சோதிக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். அவ்வளவு சனத்துக்குள் அம்மாவையா பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

"கேக்கேல்லை பிள்ளை," என்றார். "திரும்பவும் மூக்குக்குள்ள விட்டவங்கள். இந்த முறை காசு கேக்கேல்லை."