கட்டிலிலிருந்து ஆம்புலன்ஸ் வரை: லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககத்தை மாற்றிய வழி

சென்னையில் 1980களிலும் 90களிலும் எழுந்த அடுக்ககங்களில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக, லிஃப்ட் இல்லாமல் நிற்பவை ஏராளம். முப்பது, நாற்பது வயதில் அங்கே குடிவந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்படியொரு கட்டடத்தில் லிஃப்ட், சாய்தளம், வாசல், தெருமுனை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்த குடியிருப்போர் சங்கத்தின் வேலைக்குழு இதை எழுதுகிறது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அளவுகள் முக்கியம் என்பதால் அவற்றைத் தயங்காமல் கொடுத்திருக்கிறோம்.

பொதுவாக "லிஃப்ட் போடலாமா?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. நாங்கள் வேறொரு கேள்வியில் தொடங்கினோம். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியை, படுத்த நிலையிலேயே, ஆம்புலன்ஸின் பின்கதவு வரை கொண்டுபோக முடியுமா? இந்தப் பாதையில் ஓரிடம் அடைபட்டாலும் மற்ற இடங்களில் செலவழித்த பணம் வீண்.

அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்ட்ரெச்சர் ஏறக்குறைய 190 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம். அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி, ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறையிலிருந்தும் வாசல் வரை சமமட்டமாகத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். முட்டும் இடத்தில் எல்லாம் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை இந்தப் பலகை பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

மூலைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் 90 செ.மீ. அகலமுள்ள நடைவழி செங்கோணமாகத் திரும்பினால், 55 செ.மீ. அகலப் பலகை 1.45 மீட்டர் நீளம் வரைதான் திரும்பும். அதே நடைவழி 120 செ.மீ. இருந்தால் 2.29 மீட்டர் வரை திரும்பும். ஆக, மூலையில் நிற்கும் செருப்பு அலமாரியையும் வெளிப்புறமாகத் திறக்கும் இரும்பு கிரில் கதவையும் அகற்றினாலே பல இடங்களில் வழி பிறந்துவிடும். கிரில்லை உள்பக்கம் திறக்கும்படியோ பக்கவாட்டில் மடங்கும்படியோ மாற்றுவது ஒரு வெல்டருக்கு அரைநாள் வேலை. படிக்கட்டின் திருப்பம் மட்டும் மசியாது. மூன்றடிப் படியும் மூன்றடித் தளமும் இருந்தால் ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிமிர்த்தாமல் கீழே இறக்க வழியே இல்லை.

வீட்டுக்குள் பெரிய சிக்கல் குளியலறைதான். பழைய கட்டடங்களில் அதன் கதவு இரண்டடியோ இரண்டேகால் அடியோதான் இருக்கும். சாதாரண மடக்குச் சக்கர நாற்காலியே 65 செ.மீ. அகலம். கதவு உள்பக்கம் திறந்தால் இன்னும் மோசம்: உள்ளே விழுந்து கிடப்பவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். அதனால் அகலப்படுத்த இடமில்லாத வீடுகளில்கூட, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகையாகப் போடுங்கள். கைப்பிடிக் கம்பி 32 முதல் 38 மி.மீ. தடிமன் இருந்தால் பிடி அமையும். நாலரை அங்குலச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டிய கம்பி, ஓர் ஆள் முழு எடையைப் போட்டதும் டைல்ஸோடு பெயர்ந்து வரும். சுவரை ஊடுருவும் போல்ட்டும் மறுபக்கத்தில் ஒரு தகடும் வேண்டும்.

இனி லிஃப்ட். அதிகம் ஏமாற்றம் தரும் கட்டம் இது. முதல் பொறி, லிஃப்ட் நிற்கும் இடம். படிக்கட்டின் வெளிச்சுவர் காலியாக இருக்கிறது, அங்கே ஒட்டிக் கட்டிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சுவர் வருவது படியின் நடுத்தளத்தில். லிஃப்ட் அங்கே நின்றால் வீட்டுக்குப் போக இன்னும் எட்டொன்பது படி மிச்சம். மூட்டுவலிக்காரருக்குப் பாதி உதவி, சக்கர நாற்காலிக்காரருக்கு ஒன்றுமே இல்லை. எங்களிடம் வந்த மதிப்பீடுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். வீடுகள் இருக்கும் மட்டத்திலேயே லிஃப்ட் நிற்க வேண்டும் என்பதை விலை கேட்கும் கடிதத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பொது நடைவழி முடிகிற சுவர், பின்பக்கத் திறந்தவெளி, காற்றுக்காக விட்ட நடுமுற்றம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் சரிப்படும்.

இரண்டாவது பொறி, "எத்தனை பேர் லிஃப்ட்" என்ற எண்ணிக்கை. எட்டுப் பேர் லிஃப்டின் உள்ளளவு 1300 மி.மீ. அகலம், 1100 மி.மீ. ஆழம். மூலைவிட்டமே 1.70 மீட்டர்தான், ஸ்ட்ரெச்சர் படுக்காது. அப்படியானால் 13 பேர் லிஃப்ட் போடலாமே என்று தோன்றும். லிஃப்டுகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 14665-இல் அதன் அளவு 2000 மி.மீ. அகலம், 1100 மி.மீ. ஆழம். அகலத்தில் 190 செ.மீ. அடங்கும், ஆனால் 900 மி.மீ. கதவு வழியாக நுழைத்து உள்ளே திருப்ப முடியாது. வேண்டியது ஆழம். அதே தரத்தில் மருத்துவமனைக் கட்டில் லிஃப்ட், 15 பேர், 1020 கிலோ: 1000 மி.மீ. அகலம், 2400 மி.மீ. ஆழம். குடியிருப்புக்கு அவ்வளவு தேவையில்லை. 1100 மி.மீ. அகலம், 2100 மி.மீ. ஆழம், 900 மி.மீ. கதவு என்று தனியாகச் செய்யச் சொன்னால் செய்து தருகிறார்கள். பின்பக்கத்தில் இடம் இருந்ததால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம். இடமே இல்லையென்றால் எட்டுப் பேர் லிஃப்டாவது போடுங்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இறக்கக்கூடிய நோயாளிகளுக்கு அது போதும்.

பழைய கட்டடத்தின் மேல் லிஃப்டின் எடையை ஏற்றாதீர்கள். கம்பி துருப்பிடித்த தூண்களும் காரை உதிரும் தளங்களும் உள்ள கட்டடத்துக்குத் தனி அஸ்திவாரத்தில் நிற்கும் இரும்புச் சட்டக் கூண்டுதான் பாதுகாப்பு. கட்டடத்துக்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, நடக்கும் இடத்தில் மட்டும் தகடு போட வேண்டும். அந்தத் தகட்டின் விளிம்பு ஒரு செ.மீ. எழும்பினாலே சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் முட்டிக்கொள்ளும். குழி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழம் போகும். பழைய அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே முடிகிறது என்று கட்டமைப்புப் பொறியாளர் சோதனைக்குழி தோண்டிப் பார்த்த பிறகே கடப்பாரை இறங்க வேண்டும்.

மழைக்காலத்தில் சென்னையில் அந்தக் குழிக்குள் ஊற்று வரும். குழியைக் கான்கிரீட் தொட்டியாக, நீர்க்கசிவுத் தடுப்போடு கட்டி, ஒரு மிதவை சுவிட்ச் வையுங்கள். குழியில் தண்ணீர் ஏறினால் லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்காமல் முதல் மாடியிலேயே நின்றுகொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதை விருப்பப்பட்டால் சேர்க்கிற அம்சமாக விலைப்பட்டியலில் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மின்சாரம் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் பேட்டரி அமைப்பும் அப்படித்தான், கட்டாயம்.

அனுமதிகள் இரண்டு தடம். கூண்டு, திறந்தவெளியில் எழும் கட்டுமானம் என்பதால் மாநகராட்சியிடமோ சி.எம்.டி.ஏ.விடமோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபட ஒப்புதல் வாங்க வேண்டும். விதிகள் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் இருக்கின்றன. லிஃப்டுக்கு, 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டப்படி, மின் ஆய்வுத் துறையிடம் நிறுவுவதற்கு முன் அனுமதி, ஓட்டுவதற்கு முன் உரிமம். நிறுவனம் "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றாலும் உரிமம் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

அனுமதியைவிடக் கடினம் அண்டை வீட்டாரின் சம்மதம். "எனக்கு லிஃப்ட் எதற்கு?" என்று தரைத்தளக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. கட்டுமானச் செலவை மாடிவாரியாக ஏற்றி, தரைத்தளத்துக்குக் குறைந்த பங்கு வைத்தோம். சாய்தளம், வாசல், சம்ப் மூடி வேலைகளை எல்லோருக்கும் சமமாக்கினோம். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்ததால் தரைத்தளக்காரருக்கும் கைமேல் பயன் தெரிந்தது. இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023-இல் அரசு யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. லிஃப்ட் வந்தால் அந்தச் சலுகை போய்விடும். பராமரிப்புக் கட்டணம் ஏறுவதைப் பின்னால் தெரிந்துகொள்கிறவர் அடுத்த தீர்மானத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே சரிவு. ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம், மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம். மேஸ்திரிகள் பைக் ஏற்றும் சரிவைப் போட்டுவிட்டு "சக்கர நாற்காலியும் ஏறும்" என்பார்கள். ஏறும், பின்னால் தள்ளுகிறவரின் மேல் சாயும். அகலம் 1.2 மீட்டர், இருபக்கமும் 70, 90 செ.மீ. உயரங்களில் கம்பி, ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சிறு திண்டு. பளபளக்கும் கிரானைட் மழையில் வழுக்கும், துடைப்பத்தால் வரியிட்ட சிமெண்ட் தளமே மேல். சாய்தளத்தின் அடியில் பைக் நிறுத்தாமலிருக்கக் குட்டைத் தூண் நட்டால், தூண்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விடுங்கள்.

வாசலில் பலரும் பார்க்கத் தவறுவது காலுக்குக் கீழே இருக்கிறது. வண்டிப்பாதையின் அடியில் சம்பும் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கும், அவற்றின் மூடிகள் காரைத் தாங்கவே போட்டவை. 4,500 லிட்டர் கொள்ளும் தீயணைப்பு வண்டியில் தண்ணீர் மட்டுமே நாலரை டன். மூடியையும் மேல்தளத்தையும் பொறியாளரிடம் காட்டிப் பலப்படுத்துங்கள், அல்லது அந்த இடத்தை மஞ்சள் வண்ணத்தில் எல்லையிட்டு, வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி அங்கிருந்து குழாய் இழுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆம்புலன்ஸுக்கு, வண்டி நிற்கும் இடத்தோடு பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுக்க மேலும் இரண்டரை மீட்டர் வேண்டும். அந்த இடத்தில் யாருக்கும் கார் ஒதுக்கீடு இருக்கக் கூடாது. வாசலுக்கு மேலே தொங்கும் கேபிள்களையும் வளைவையும் அளந்துகொள்ளுங்கள், ஆம்புலன்ஸ் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம்.

தெரு மாநகராட்சியின் பொறுப்பு, ஆனால் கேட்காமல் எதுவும் நடக்காது. மழைநீர் வடிகாலின் உடைந்த மூடி, நடைமேடையிலிருந்து இறங்கச் சரிவு இல்லாத இடம், வளைவில் நிற்கும் மின்பெட்டி ஆகியவற்றைப் படத்தோடும் அளவோடும் மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் தனித்தனிப் புகாராகப் பதியுங்கள். ஒரே மனுவில் பத்தை எழுதினால் பத்துப் பிரிவுகளுக்கு நடுவே அது நின்றுவிடும். வார்டுக்குள் குடியிருப்போர் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் புகார் எண்களைப் படித்துப் பதிவாக்குங்கள். சாலையை மறுபடி போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கிறார்களா என்று நின்று பாருங்கள். எடுக்காவிட்டால் தெரு உயர்ந்து, நீங்கள் கட்டிய சாய்தளத்தின் கணக்கே மாறும், மழைத்தண்ணீரும் உள்ளே வரும்.

முகவரி இன்னொரு தடை. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே பெயரில் பல தெருக்கள். இரண்டு எண்களையும் ஒளி பிரதிபலிக்கும் பலகையில், தெருவின் இரு திசையிலிருந்தும் தெரியும்படி வாசலில் மாட்டினோம். 108-ஐ அழைக்கும்போது சொல்ல வேண்டியதை ஓர் அட்டையில் அச்சிட்டு எல்லா வீட்டுக் கதவின் பின்னும் ஒட்டினோம்: பகுதி, எந்தப் பெரிய சாலையிலிருந்து திரும்ப வேண்டும், இரண்டு எண்கள், எத்தனையாவது மாடி, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கும், வாசல் எந்தப் பக்கம். அழைத்த பிறகு ஒருவர் தெருமுனைக்குப் போக வேண்டும், இன்னொருவர் லிஃப்டை அந்த மாடியிலேயே நிறுத்திவைக்க வேண்டும்.

லிஃப்ட் வேலை முடியும்வரையும், பழுதாகும் நாட்களுக்கும், கைப்பிடிகள் உள்ள கான்வாஸ் தூக்குவிரிப்பு ஒன்றும், படியில் இறக்கும் நாற்காலி ஒன்றும் தரைத்தளத்தில் பூட்டில்லாத அலமாரியில் வைத்தோம். மூச்சுத்திணறலோடு இருப்பவரைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது, நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தே இறக்க வேண்டும். விழுந்து கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை விரிப்பிலோ நாற்காலியிலோ ஏற்றாமல், 108 ஊழியர்கள் வரும்வரை அசைக்காமல் வையுங்கள். நெஞ்சுவலிக்காரர் "நானே இறங்கிவிடுவேன்" என்றாலும் படியில் நடக்க விடாதீர்கள்.